சமையற்கட்டில் கற்கும் மொழி

நடு அமெரிக்காவின் குவாத்தமாலா நாட்டில் அந்திகுவா என்றொரு பழைய நகரம் உண்டு. ஸ்பானிய மொழி கற்க விரும்பும் அமெரிக்கரும் ஐரோப்பியரும் பல்லாண்டுகளாக அங்கே வந்திறங்குகின்றனர். பள்ளியில் ஓர் ஆசிரியருக்கு ஒரு மாணவர் என்ற முறையில் நாளுக்குச் சில மணி நேரம் பாடம். எஞ்சிய பொழுதெல்லாம் உள்ளூர்க் குடும்பமொன்றோடு வாசம். அவ்வீட்டில் ஓர் அறை, அவர்களோடமர்ந்து உணவு. கட்டணத்தில் ஒரு பகுதி அந்த வீட்டம்மாவின் கைக்குப் போய்ச் சேரும். வினைத்திரிபுகளைப் பள்ளியில் படித்துவிடலாம். 'இன்னும் கொஞ்சம் போடட்டுமா' என்று கேட்பவரிடம் மனம் நோகாமல் போதும் என்று சொல்லும் விதத்தைச் சோற்றுக்கு முன்னால் உட்கார்ந்துதான் கற்க வேண்டும்.

அதே நாட்டில் அத்தித்லான் ஏரிக்கரையில் சான் பெத்ரோ லா லகுனா என்ற சிற்றூரிலும் இத்தகைய பள்ளிகள் இருக்கின்றன. அங்கே வீடுகளில் பேசப்படுவது மாயன் மொழிக் குடும்பத்தைச் சேர்ந்த சூதுஹில். விருந்தினருக்கு ஸ்பானியம் பழக்கித் தருகிற அந்தத் தாய்க்கே ஸ்பானியம் இரண்டாம் மொழிதான். இந்தச் செய்தியை வாசகர்கள் சற்று நினைவில் வைத்திருக்க வேண்டுகிறோம். ஓசூருக்கு வரும்போது தேவைப்படும்.

தமிழ் கற்க வந்தவர்களின் கதையும் இதற்கு வெகு தொலைவிலன்று. 1706 சூலையில் தரங்கம்பாடியில் இறங்கிய சீகன்பால்கு, திண்ணைப் பள்ளி ஆசிரியர் ஒருவரைத் தம் இல்லத்துக்கே அழைத்து வந்து, சிறுவர்களோடு மணலில் விரலால் அகரம் எழுதிப் பழகினார். பத்தாண்டுகளில் அவருடைய தமிழ் இலக்கணம் ஜெர்மனியின் ஹாலே நகரில் அச்சேறிவிட்டது. நம் காலத்தில் அமெரிக்க இந்தியவியல் நிறுவனத்தின் தமிழ் வகுப்புகளுக்காக அமெரிக்க மாணவர்கள் மதுரைக்கு வருகிறார்கள். வெள்ளைக்கார மாணவி நம் சமையற்கட்டில் நின்று தோசை திருப்பினால் நமக்குப் பெருமை. தெருவே வந்து பார்க்கும்.

ஓசூருக்கு வருவோம். எழுபதுகளில் சிப்காட் வளாகம் அமைந்ததிலிருந்து இந்த எல்லைப்புறம் வெளியூர்க்காரர்களின் உழைப்பில் வளர்ந்தது. முதலில் சேலம், தருமபுரி, மதுரைப் பக்கத்து இளைஞர்கள். பின்னர் ஒடிசா, பீகார். இப்போது ஜார்க்கண்டிலிருந்து இளம்பெண்கள். ராஞ்சி, ஹசாரிபாக் பகுதிகளைச் சேர்ந்த ஆறாயிரம் பழங்குடிப் பெண்களுக்கு ஓசூர்த் தொழிற்சாலைக்கெனப் பயிற்சி அளிக்கப்பட்டதாக 2022 நவம்பரில் மத்திய அமைச்சர் அஷ்வினி வைஷ்ணவ் சொன்னார். இவ்வாறு வருபவர்களுள் பெரும்பாலோர் விடுதியில் தங்குகிறார்கள். விடுதியிலிருந்து பேருந்து, பேருந்திலிருந்து வேலை, மீண்டும் விடுதி. ஆண்டுக்கணக்கில் இங்கே வாழ்ந்தும் அவர்கள் காதில் விழும் தமிழ் 'சீக்கிரம்', 'தள்ளு', 'எவ்வளவு' என்ற அளவில் நின்றுவிடுகிறது. உண்டாயா என்று தமிழில் கேட்க ஒருவர் இல்லாத ஊரில் தமிழ் எப்படி வரும்?

அவர்களை நாம் 'இந்திக்காரர்' என்ற ஒரே மூட்டையில் கட்டிவிடுகிறோம். ராஞ்சிப் பக்கத்திலிருந்து வரும் ஒராவோன் இனத்தவரின் தாய்மொழி குருக். அது திராவிட மொழி. அவர்கள் 'நான்' என்பதற்கு 'ஏன்' என்பார்கள், நம் பழைய 'யான்' போல. 'நீ' அங்கே 'நீன்'. கன்னட எல்லையில் வாழும் நமக்கு அது புதிதாக ஒலிக்காது. முண்டாரியும் சந்தாலியும் வேறு குடும்பத்து மொழிகள். இவர்களுள் பலருக்கு இந்தி பள்ளியிலும் சந்தையிலும் கற்ற மொழியே. மேடைதோறும் மொழிக்குடும்பப் பெருமை பேசும் நாம், அந்தக் குடும்பத்தின் வடகோடி உறவு நம் ஊர் விடுதியில் வந்து தங்கியிருப்பதை அறியாமலே இருக்கிறோம்.

அவர்கள் சம்பளத்துக்கு வந்தவர்கள், மொழி கற்க வந்தவர்களல்லரே என்று நண்பர்கள் கேட்கக்கூடும். உண்மைதான். எட்டு மணி நேரம் நின்று களைத்தவளிடம் எழுத்துப் பயிற்சி ஏட்டை நீட்டுவது கொடுமை. பெண்களுக்கு விடுதியே பாதுகாப்பு என்பதையும் மறுப்பதற்கில்லை. ஆனால் விடுதிக்கு வெளியே ஒரு வீட்டுக் கதவு திறக்காமலிருப்பதற்கு அவர்களுடைய களைப்பு மட்டும் காரணமன்று. வாடகைக்கு அறை கேட்டாலே 'நீங்க என்ன ஆளுங்க, கறி சமைப்பீங்களா' என்று தொடங்குகிற ஊர் இது. அமெரிக்க மாணவிக்குத் திறந்த சமையற்கட்டு, பழங்குடிப் பெண்ணுக்குத் திறக்குமா? தமிழ்நாட்டுக்கு வந்தும் தமிழ் கற்காதவர்கள் என்று அவர்களைக் குறை சொல்பவர்கள் இந்தக் கேள்விக்கு முதலில் விடை சொல்லட்டும்.

இந்தப் பகுதிக் கல்லூரியில் தமிழ் பயிற்றும் நாம், செய்யக்கூடிய ஒன்றை வகுப்பிலேயே கேட்டுப் பார்த்தோம். மாதத்துக்கு ஒரு ஞாயிறு, ஒரு மாணவர் வீட்டில் இரண்டு பெண்களுக்கு மதிய உணவு. பாடம் கிடையாது, சான்றிதழ் கிடையாது. மாணவி ஒருத்தி தயங்கி எழுந்தாள்: "எங்க வீட்டுல அம்மாவும் பாட்டியும் தெலுங்குலதான் பேசுவாங்க ஐயா, பரவாயில்லையா?" இங்கே பலர் வீட்டு நிலை அதுதான். தொரப்பள்ளியில் பிறந்த ராஜாஜி காலத்திலிருந்தே தமிழும் தெலுங்கும் கன்னடமும் ஒரே தெருவில் புழங்கும் மண். சான் பெத்ரோவின் சூதுஹில் தாய்மாரைப் பற்றி அவளுக்குச் சொன்னோம். அம்மா விருந்தாளிகளோடு எப்படியும் தமிழில்தான் பேசியாக வேண்டும், தட்டுத் தடுமாறினால் இருதரப்புக்கும் கூச்சம் குறையும் என்றோம்.

நாட்டு நலப்பணித் திட்ட அலுவலர்கள் பொறுப்பேற்றால், விடுதி நிர்வாகத்தின் இசைவு பெறுவதும் பெண்களை அழைத்து வந்து மாலைக்குள் கொண்டுபோய் விடுவதும் கடினமல்ல. பணிமுறை வாரந்தோறும் மாறுவதால் நாள் குறிப்பதுதான் சிக்கல். பொங்கலுக்கு ஊர் போக இயலாமல் இங்கேயே தங்கிவிடுகிறவர்களிடமிருந்து தொடங்கலாம். இதுவரை நான்கு வீடுகள் சம்மதித்திருக்கின்றன.