ஒரே வாசல், மூன்று கதவுகள்

வாடகைக்கு எடுத்த கம்ப்யூட்டர் ஒன்றுதான். உள்ளே ஓடும் மென்பொருள்களோ மூன்று. கடையின் விற்பனைப் பக்கம் 3000ஆம் எண் போர்ட்டில், கணக்கு வழக்கு 8080இல், ஊழியர்களின் விடுப்புப் பதிவு 5000இல். வாங்க வருகிறவர் கடையின் பெயருக்குப் பின்னால் முக்காற்புள்ளி வைத்து 3000 என்று தட்டிக்கொண்டிருக்க மாட்டார். பிரௌசர் தானாகப் போய் நிற்பது இரண்டே வாசல்களில்: 80, பாதுகாப்பான இணைப்புக்கு 443. அங்கே ஒரு காவலாளி வேண்டும். பழைய ஆள் அப்பாச்சி. ரஷ்யாவின் இகோர் சிசோயெவ் 2004இல் வெளியிட்ட என்ஜின்எக்ஸ் அடுத்த தலைமுறை.

வந்தவர் எந்தப் பெயரைத் தேடி வந்தார் என்று காவலாளிக்கு எப்படித் தெரியும்? ஒரு காலத்தில் தெரியாது. எச்டிடிபி 1.0 காலத்தில் பக்கத்தைக் கேட்டால் போதும், தளத்தின் பெயரைச் சொல்லும் கட்டாயமில்லை. தளத்துக்கொரு ஐபி முகவரி என்று தாராளமாகச் செலவழித்தார்கள். மொத்த இருப்பே சுமார் 430 கோடிதான். 1997 ஜனவரியில் வந்த 1.1 விதிகள் ஒவ்வொரு கோரிக்கையிலும் ‘ஹோஸ்ட்’ என்ற வரியைக் கட்டாயமாக்கின. அப்படியும் 2011 பிப்ரவரியில் மையக் கையிருப்பு தீர்ந்தது. 443இல் இன்னொரு சிக்கல்: பெயர் தெரியும் முன்பே சான்றிதழைக் காட்டியாக வேண்டும். 2003இல் வந்த எஸ்என்ஐ, முதல் வணக்கத்திலேயே பெயரையும் சொல்லவைத்தது.

என்ஜின்எக்ஸில் வேலை சுலபம். ஒவ்வொரு பெயருக்கும் ஒரு பகுதி. பெயருக்கு ‘சர்வர் நேம்’, உள்ளே அனுப்ப ‘பிராக்ஸி பாஸ்’. ஆனால் வந்தவர் சொன்ன பெயரை அது தானாக உள்ளே கடத்துவதில்லை. ஹோஸ்ட் வரியைத் தனியே எழுதாவிட்டால் உள்ளிருக்கும் மென்பொருள் தவறான முகவரிக்கு வாடிக்கையாளரைத் திருப்பிவிடலாம்.

பெரிய ஆபத்து வேறு இரண்டு. பட்டியலில் இல்லாத பெயரோடு ஒருவர் வந்தால் காவலாளி விரட்டுவதில்லை. முதலில் எழுதப்பட்ட பகுதிக்கு மரியாதையாக அனுப்பிவைப்பார். அது கணக்குப் பக்கமாக இருந்தால்? பெயர் பொருந்தாதவர்களுக்கென்றே ஒரு பகுதி எழுதி, 444 போட்டு, பதிலே சொல்லாமல் இணைப்பைத் துண்டிப்பது நல்லது.

இரண்டாவது, பின்கதவு. கணக்கு மென்பொருள் எல்லா முகவரிகளிலும் காது கொடுத்துக்கொண்டிருந்தால், வாசலில் வைத்த கடவுச்சொல்லைத் தாண்டாமலே யாரும் 8080க்கு நேராக வரலாம். 127.0.0.1இல் மட்டும் கேட்கச் சொன்னால் வெளியிலிருந்து வழியில்லை. டாக்கரில் ஓட்டுபவர்களுக்குக் கூடுதல் கவனம் தேவை: அது வெளியிடும் போர்ட்டுகள், உபுன்டுவின் யூஎஃப்டபிள்யூ தடுப்புச் சுவர் மூடியதாகக் காட்டினாலும், திறந்தே கிடக்கும். வேறொரு கம்ப்யூட்டரிலிருந்து 8080ஐத் தட்டிப் பார்த்தால் சங்கதி தெரிந்துவிடும். அரை நிமிட வேலை.