மலடி என்னும் பழி

பிள்ளையில்லா வீட்டில் பழி முதலில் மனைவியின் தலையிலேயே விழுகின்றது. ஏறத்தாழப் பாதித் தம்பதிகளிடத்தே ஆணின் குறைக்கும் பங்குண்டு என்பதை நாம் எண்ணுவதேயில்லை.

விந்தணுக்கள் போதிய அளவில் இருந்தாலும் போதாது. அவை சுமந்து செல்லும் டி.என்.ஏ. இழையில் மெதைல் என்னும் நுண்ணிய இரசாயனக் கூறுகள் ஒட்டியிருக்கின்றன. எந்தப் பரம்பரையலகு இயங்கவேண்டும், எது அடங்கியிருக்கவேண்டும் என்பதில் அவற்றுக்குப் பெரும்பங்குண்டு. தந்தைவழி வரும் எச்19 என்னும் அலகு அடங்கியே இருத்தல் வேண்டும். விந்தணு குறைந்த ஆடவர் சிலரிடம் அந்தப் பூட்டு அரைகுறையாகவே இருந்ததை, 2004இல் போர்த்துக்கல் நாட்டு ஆய்வாளர் கண்டனர். அதுதான் காரணமா, வேறொரு கோளாற்றின் விளைவா என்னும் வழக்கு இன்னும் தீரவில்லை. அச்சோதனை சாதாரண வைத்தியசாலைக்கு வந்துசேரவுமில்லை.

விந்துப் பரிசோதனையோ எளிது. மனைவியை அடுத்த ஊசிக்கும் கத்திக்கும் அனுப்புமுன், கணவர்மார் ஒருமுறை அதற்குச் சென்றுவரலாகாதா?