படம் இருக்கட்டும், சத்தம் கேக்குதா?



இந்த ஆண்டு நம் மாணவர் பேரவைக் கூட்டத்தில் ஒரு தீர்மானம் வந்தது. ஒர்க்‌ஷாப் வகுப்புகளையும், இன்பிளாண்ட் டிரெயினிங் போகும் இடங்களில் மூத்த தொழிலாளர்கள் நமக்குச் செய்து காட்டுவதையும் வீடியோ எடுத்து ஜூனியர்களுக்கு வைத்துவிட்டுப் போக வேண்டும், அதற்கு ஒரு கேமரா வாங்க வேண்டும் என்று. எல்லோரும் கை தட்டினோம். நானும்தான் தட்டினேன். அதன் பிறகு ‘எந்தக் கேமரா’ என்று பேச்சு ஆரம்பித்தது பாருங்கள், அங்கேதான் எனக்கு வயிற்றைக் கலக்கியது. ஒருவர் 4கே என்றார். இன்னொருவர் மெகாபிக்சல் கணக்குச் சொன்னார். கல்யாண வீடியோ அண்ணன்கள் தோளில் மாட்டியிருக்கிற, லென்ஸ் கழற்றி மாட்டும் கேமராதான் வேண்டும் என்று ஒரு கோஷ்டி. மைக்கைப் பற்றி ஒருத்தரும் வாயைத் திறக்கவில்லை. கூச்சத்தில் நானும் திறக்கவில்லை.

பேரவை நிதி எங்கிருந்தோ வந்த பணம் அல்ல, நாம் பீஸோடு சேர்த்துக் கட்டியது. பனமரத்துப்பட்டியில் என் அம்மா விடியுமுன்னே அரளி மொட்டுப் பறித்த கூலியும் அதில் இருக்கிறது. அதனால் அன்றைக்குச் சொல்லாததை இங்கே எழுதுகிறேன்.

எங்கள் வீட்டில் பத்தாம் வகுப்பைத் தாண்டிய முதல் ஆள் நான். அப்பா சேலத்தில் ஒரு சின்னப் பட்டறையில் லேத் ஓட்டுகிறார். டிராயிங் படிக்கத் தெரியாது. ஆனால் பக்கத்து மிஷினில் டூல் மழுங்கிவிட்டது என்பதை, இந்தப் பக்கம் திரும்பி நின்றபடியே சொல்லிவிடுவார். “சத்தம் மாறுது பாரு” என்பார். எனக்கு ஒன்றும் மாறினதாகத் தெரியாது! இரண்டு வருஷமாக டிப்ளமோ படித்தும், இப்போதுதான் கொஞ்சம் கொஞ்சமாக அந்தக் காது வருகிறது.

போன லீவில் நாங்கள் ஆறு பேர் டிரெயினிங் போன தொழிற்சாலையில், ஒரு மூத்த டர்னர் புஷ் போரிங் செய்வதை முழுசாக விளக்கிக் காட்டினார். நண்பன் ஒருவன் தெரிந்தவரிடம் இரவல் வாங்கி வந்த உயர்ந்த ரகக் கேமராவில் அதைப் பிடித்தான். வீட்டுக்கு வந்து போட்டுப் பார்த்தேன். படம் பளிங்கு மாதிரி இருந்தது. சுருள் சுருளாகப் பிசிறு விழுவது கூடத் தெரிந்தது. சத்தம்? முக்கால் மணி நேரமும் கம்ப்ரஸர் இரைச்சல். அந்த மனிதரின் வாய் அசைகிறது, அவ்வளவுதான். அப்பாவும் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தார். கடைசியில், “படம் நல்லாத்தான் இருக்குது கண்ணு. ஆனா அவரு என்ன சொல்றாரு?” என்று கேட்டார். எனக்குப் பதில் தெரியவில்லை.

இதில் கேமராவின் குற்றம் பாதிதான். கேமராவிலேயே இருக்கும் மைக் எல்லாப் பக்கத்துச் சத்தத்தையும் வாங்கும். பேசுகிறவர் ஆறடி தள்ளி நிற்கிறார். தூரம் இரண்டு மடங்கானால் குரலின் செறிவு நாலில் ஒரு பங்காகிவிடும் என்று நாம் பிசிக்ஸில் படித்ததுதான். போதாததற்கு, உள்ளே இருக்கிற தானியங்கி அமைப்பு ஒன்று, சத்தம் குறைந்தால் தானே கூட்டுகிறது, கூடினால் தானே குறைக்கிறது. டூல் மழுங்கும்போது ஏறுகிற அந்தக் கீச்சொலியையும் அது சமப்படுத்திவிடும். எதைக் கற்றுக்கொள்ள வீடியோ எடுத்தோமோ, அதுவே போய்விடுகிறது. சட்டைக் காலரில் மாட்டுகிற சின்ன வயர் மைக் வாயிலிருந்து ஒரு சாண் தூரத்தில் இருக்கும். விலை சில நூறு ரூபாய். அதைச் செருக கேமராவில் துளை இருக்க வேண்டும், சத்தத்தின் அளவைக் கையால் வைக்க வசதி இருக்க வேண்டும். மலிவு விலைக் கேமராக்கள் பலவற்றில் இந்த இரண்டையும்தான் முதலில் வெட்டுகிறார்கள். ஆகவே கடையில் கேட்க வேண்டிய முதல் கேள்வி ‘எத்தனை கே?’ அல்ல, ‘மைக் போட வழி இருக்கா?’ என்பதுதான். (ஓடுகிற லேத் பக்கத்தில் வயர் தொங்கக் கூடாது, சட்டைக்குள்ளே விட்டுவிட வேண்டும். இதைச் சொல்லாவிட்டால் ஒர்க்‌ஷாப் இன்ஸ்ட்ரக்டர் என்னை உதைப்பார்!)

அடுத்தது டியூப் லைட். நம் ஊர் மின்சாரம் 50 சைக்கிள். பழைய சோக் போட்ட டியூப் நொடிக்கு நூறு முறை மங்கி மங்கி எரிகிறது. நம் கண்ணுக்குத் தெரியாது, நொடிக்கு 30 பிரேம் எடுக்கிற கேமராவுக்குத் தெரியும். படத்தில் கறுப்புப் பட்டைகள் ஓடும். 25 பிரேமும், நொடியில் ஐம்பதில் ஒரு பங்கு ஷட்டரும் வைக்க முடிந்தால் ஓடாது. சிலவற்றில் மெனுவிலேயே 50, 60 என்று இருக்கும். 50-ஐ வைத்தால் போதும்.

போட்டோ எடுப்பதற்கென்று செய்த கேமராக்களில் இன்னொரு வில்லங்கம். பழைய மாடல்கள் பல 29 நிமிடம் 59 நொடியில் தானாக நின்றுவிடும். அரை மணிக்கு மேல் பதிவு செய்தால் அது வீடியோ கேமரா என்று ஐரோப்பாவில் கூடுதல் சுங்க வரி போட்டதால் வந்த வினை அது. செகண்ட்ஹேண்டில் மலிவாகக் கிடைப்பவை இவைதான். டேப் போடும் பழைய கேமராவும் சும்மா கொடுத்தால்கூட வேண்டாம். அந்த டேப்பைக் கம்ப்யூட்டருக்கு மாற்றும் சொருகி இப்போதைய கம்ப்யூட்டர்களில் கிடையாது. ஜூம் என்றால் லென்ஸ் நகரும் ஜூம்தான் ஜூம், ‘டிஜிட்டல் 100 மடங்கு’ என்பது இருக்கிற படத்தை இழுத்துப் பெரிதாக்குவது. வெல்டிங் எடுப்பதானால் நம் ஷீல்டில் போடும் அதே கறுப்புக் கண்ணாடியை லென்ஸ் முன்னால் வைத்தாலே உருகும் குட்டை தெரியும்.

இத்தனையும் பார்த்த பிறகு என் கட்சி இதுதான். முதல் வருஷம் கேமராவே வாங்க வேண்டாம். நம்மில் பலர் பாக்கெட்டில் இருக்கிற போன் போதும். இரண்டு மைக், கனமான ஒரு ஸ்டாண்டு, மெமரி கார்டு, இவ்வளவு வாங்குவோம். இவற்றில் பத்துப் பாடம் எடுத்துக் காட்டுவோம். எங்கே போன் எட்டவில்லை என்று அப்போது தெரிந்துவிடும். அதற்குப் பிறகு லென்ஸ் ஜூமும் மைக் துளையும் உள்ள ஒரு சாதாரண கேம்கார்டர் வாங்கலாம்.

‘போனில் எடுத்தால் கௌரவமாக இருக்குமா?’ என்பவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். 1984-ல் அகமதாபாத்தில், சுயதொழில் செய்யும் பெண்களின் சங்கமான சேவா, இருபது பெண்களுக்கு மூன்று வாரம் வீடியோ பயிற்சி கொடுத்தது. பள்ளிக்கூடமே போகாதவர்களும் அதில் உண்டு. அன்றைக்கு இருந்த கருவிக்கு நம் போனைவிட வசதி எவ்வளவோ குறைவு. அதை வைத்துத்தான் தங்கள் வேலையை, தங்கள் வாயாலேயே சொல்லிப் படமாக்கினார்கள்.

இன்னொரு பக்கமும் இருக்கிறது. 1912-லேயே அமெரிக்காவில் பிராங்க் கில்பிரெத் என்ற பொறியாளர் தொழிற்சாலையில் கேமராவை வைத்து, பக்கத்தில் ஒரு கடிகாரத்தையும் வைத்து, தொழிலாளியின் ஒவ்வொரு கையசைவையும் நேரம் கணக்கிட்டார். வீண் அசைவைக் குறைப்பது நல்லதுதான். ஆனால் கேமராவுக்கு முன்னால் நிற்பவனுக்கு அப்போதிருந்தே ஒரு பயம் உண்டு. நமக்குப் புஷ் போரிங் காட்டிய அந்த டர்னரும் கேமராவைப் பார்த்ததும் முதலில் கேட்டது இதைத்தான்: “எல்லாத்தையும் புடிச்சுக்கிட்டா, அப்புறம் நான் எதுக்குத் தம்பி?” சிரித்துக்கொண்டேதான் கேட்டார். நாங்களும் சிரித்து மழுப்பிவிட்டோம். நியாயமாக, எடுக்கும் முன்பே நிர்வாகத்திடமும் அவரிடமும் அனுமதி கேட்டிருக்க வேண்டும். எடுத்ததை அவருக்குத்தான் முதலில் போட்டுக் காட்டியிருக்க வேண்டும், அவர் பெயரையும் அதில் போட்டிருக்க வேண்டும். எந்தக் கேமரா வாங்கினாலும் இந்த விதியையும் பேரவை எழுதி வைக்கட்டும்.

போன ஞாயிற்றுக்கிழமை பட்டறை முதலாளியைக் கேட்டுக்கொண்டு அப்பாவை எடுத்தேன். என் போன், இரவல் மைக், செங்கல் அடுக்கி அதன்மேல் ஸ்டாண்டு. மைக்கை முதலில் காலரில் மாட்டினேன், பிறகு டூல் போஸ்ட் ஓரமாக, சக் சுற்றாத பக்கம் வைத்தேன். டூல் தேயத் தேய ஒரு இடத்தில் சத்தம் மாறியது. ராத்திரி வீட்டில் போட்டுக் காட்டியபோது அப்பா படத்தைப் பார்க்கவே இல்லை, கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். சரியாக அந்த இடம் வந்ததும் விரலைத் தூக்கினார். “இந்தா... இங்கதான்.”

அம்மா அடுப்படியிலிருந்து, “எனக்கும் கேட்டுச்சு” என்றார்.