கைபேசியில் ஒன்றை அழுத்துவது முதல்நிலைத் தேர்தல் ஆகாது

வேட்பாளர்களை ஒப்பிடுவோர் முதலில் கேட்க வேண்டிய கேள்வி, ஒப்பிட்டு முடிவெடுத்தவர் யார் என்பதே. சித்தூர், திருப்பதி மாவட்டங்களில் 2024 தேர்தலுக்கு முன் நடந்த வேட்பாளர் தேர்வைப் பற்றிய பேச்சில் இந்தக் கேள்வி ஏறக்குறைய எழவே இல்லை. ஐவிஆர்எஸ் அழைப்புகள் வழியாக ஒரு கோடிக்கும் மேற்பட்டோரிடம் கருத்துக் கேட்டே பட்டியல் தயாரிக்கப்பட்டது என்று தெலுங்கு தேசத் தலைமை அறிவித்தது. உடனே, அமெரிக்காவின் முதல்நிலைத் தேர்தலுக்கு இதுவே இந்திய வடிவம் என்று சிலர் கொண்டாடத் தொடங்கினர். இது பிழையான ஒப்புமை மட்டுமல்ல, ஆபத்தானதும்கூட.

முதல்நிலைத் தேர்தலுக்கு வாக்காளர் பட்டியல் உண்டு. போட்டியிடுவோரின் பெயர்கள் வெளிப்படையாக இருக்கும். எண்ணிக்கை அறிவிக்கப்படும், தோற்றவர் தாம் எத்தனை வாக்கில் தோற்றார் என்பதை அறிவார். இயந்திரக் குரல் ஒரு பெயரைச் சொல்லி ஒன்றை அழுத்தச் சொல்லும் முறையில் இவற்றுள் ஒன்றும் இல்லை. கேள்வியை வகுப்பதும், விடையை எண்ணுவதும், விரும்பினால் அதை ஒதுக்கித் தள்ளுவதும் ஒரே அலுவலகம். சந்தை ஆய்வு என்று அழைத்தால் யாருக்கும் மறுப்பிராது.

திருப்பதியைப் பார்த்தால் இது விளங்கும். 2014இல் அங்கு வென்ற தெலுங்கு தேசத்தின் வெங்கடரமணா அதே ஆண்டு இறுதியில் மறைந்தார். அவர் மனைவி சுகுணம்மா 2015 இடைத்தேர்தலில் வென்றார். 2019இல் ஒய்.எஸ்.ஆர். காங்கிரசின் பூமன கருணாகர ரெட்டியிடம் 708 வாக்கில் தோற்றார். மாநிலம் முழுவதும் கட்சி 175 இடங்களில் 23ஆகச் சுருங்கிய தேர்தல் அது. ஒருங்கிணைந்த சித்தூர் மாவட்டத்தின் 14 தொகுதிகளில் குப்பம் ஒன்றே மிஞ்சியது. அந்த வெள்ளத்தில் 708 வாக்கு வரை எதிர்நின்றவரை 2024இல் யாரும் எவரோடும் ஒப்பிடவில்லை. தொகுதிப் பங்கீட்டில் திருப்பதி ஜனசேனைக்குப் போயிற்று. சித்தூர் நகரத்தின் ஒய்.எஸ்.ஆர். காங்கிரஸ் உறுப்பினராக இருந்து, அங்கு மறுவாய்ப்பு மறுக்கப்பட்ட ஆரணி ஸ்ரீனிவாசுலு மார்ச் மாதம் ஜனசேனையில் சேர்ந்து திருப்பதியின் வேட்பாளரானார். எழுபது கிலோமீட்டர் தொலைவிலிருந்து வந்தவர் என்ற முணுமுணுப்பு இரு கட்சிகளின் தொண்டர்களிடமும் எழுந்தது. அதைப் பதிவு செய்ய வாக்குச்சீட்டு எதுவும் இல்லாததால் அது முணுமுணுப்பாகவே முடிந்தது.

அவர் 61,956 வாக்கு வித்தியாசத்தில் வென்றாரே, தலைமையின் கணக்கு சரிதானே என்பர். கூட்டணி 164 இடங்களை அள்ளிய தேர்தலில் ஒரு வெற்றி, வேட்பாளரின் தகுதியைப் பற்றி என்ன சொல்லிவிட முடியும்? நிற்கவே விடப்படாத ஒருவர் எவ்வளவு பெற்றிருப்பார் என்பதை எந்தப் புள்ளியியலும் மீட்டுத் தராது. ‘வெல்லும் வாய்ப்பு’ என்ற சொல்லை ஆய்வுக் கட்டுரைகளில் கண்ணை மூடிக்கொண்டு பயன்படுத்துவோர் இந்த எளிய தருக்கத்தையாவது மதிக்கலாம்.

எதிர்முகாமில் நடந்தது இதைவிடக் கசப்பானது. 2024 ஜனவரியில் ஒய்.எஸ்.ஆர். காங்கிரஸ் பட்டியல் பட்டியலாகப் பொறுப்பாளர்களை மாற்றியது. சத்தியவேடு உறுப்பினர் கோனேட்டி ஆதிமூலம் திருப்பதி மக்களவைக்கு. திருப்பதி மக்களவை உறுப்பினர் குருமூர்த்தி சத்தியவேட்டுக்கு. துணை முதல்வர் நாராயணசாமி கங்காதர நெல்லூரிலிருந்து சித்தூர் மக்களவைக்கு. அங்கிருந்த ரெட்டப்பா கங்காதர நெல்லூருக்கு. பிறகு இரண்டு மாற்றங்களும் திரும்பப் பெறப்பட்டன. முடிவில் கங்காதர நெல்லூரில் நின்றவர் நாராயணசாமியின் மகள் கிருபாலட்சுமி. ஆதிமூலம் வெளியேறித் தெலுங்கு தேச வேட்பாளராகச் சத்தியவேட்டில் வென்றார். பூதலப்பட்டு உறுப்பினர் எம்.எஸ். பாபு, தலித் உறுப்பினர்களை மட்டும் மாற்றுவது என்ன நியாயம் என்று வெளிப்படையாகவே கேட்டார். இடம் கிடைக்காமல் காங்கிரசுக்குச் சென்றார்.

இந்த ஐந்து தொகுதிகளும் தனித்தொகுதிகள். சித்தூர் நகரம் போன்ற பொதுத்தொகுதிகளிலும் மாற்றம் நடந்தது உண்மை. ஆனால் புங்கனூரில் பெத்திரெட்டி ராமச்சந்திர ரெட்டியையும், தம்பள்ளபள்ளியில் அவர் தம்பியையும், ராஜம்பேட்டை மக்களவையில் அவர் மகனையும் எந்தக் கருத்துக்கணிப்பும் அசைக்கவில்லை. சந்திரகிரியிலும் திருப்பதியிலும் தந்தையர் விலகி மைந்தர் வந்தனர். ஓரிடத்தில் தொகுதி குடும்பச் சொத்து. மற்றோரிடத்தில் உறுப்பினர் பணியிட மாற்றத்துக்குரிய ஊழியர். இதில் ஒரு நகைமுரண் உண்டு. கட்சி சத்தியவேட்டுக்கு அனுப்ப முயன்ற அதே குருமூர்த்திதான், மாநிலத்தில் அக்கட்சிக்குக் கிடைத்த நான்கே மக்களவை இடங்களுள் ஒன்றை வென்று தந்தார்.

தனித்தொகுதிக்கு முதல்நிலைத் தேர்தல் என்பது அயல்நாட்டுக் கற்பனை அன்று. 1932ஆம் ஆண்டுப் பூனா ஒப்பந்தத்தின் இரண்டாவது கூறு அதையே விதித்தது. ஒடுக்கப்பட்ட வகுப்பு வாக்காளர்கள் தமக்குள் வாக்களித்து ஒவ்வோர் இடத்துக்கும் நால்வரைத் தேர்ந்தெடுக்க வேண்டும். அந்நால்வரே பொதுத் தேர்தலில் நிற்க முடியும். சென்னை மாகாணத்துக்கு ஒதுக்கப்பட்ட 30 இடங்களுக்கும் இதுவே விதி. சித்தூர் அப்போது அம்மாகாணத்தின் மாவட்டம். இம்முறையிலும் குறை இருந்தது. இறுதித் தீர்ப்புப் பொது வாக்காளரிடமே இருந்ததால், முதல்நிலையில் முந்தியவர் பொதுத் தேர்தலில் தோற்க முடிந்தது. 1945-46 தேர்தலுக்குப் பின் அம்பேத்கர் வைத்த குற்றச்சாட்டும் அதுதான். ஆனால் அக்குற்றச்சாட்டை வைக்க அவரிடம் எண்கள் இருந்தன. சமூகம் யாரை விரும்பியது, யார் திணிக்கப்பட்டார் என்பதை இரு தேர்தல்களின் முடிவுகளையும் அருகருகே வைத்துக் காட்ட முடிந்தது. பூதலப்பட்டில் பாபுவிடம் அப்படி ஓர் எண்ணும் இல்லை. அவரை நீக்கியது சரியா என்று ஆராய விரும்பும் முனைவர் பட்ட மாணவருக்கும் கிடைப்பது செய்தித்தாள் துணுக்குகளே.

முதல்நிலைத் தேர்தல் இந்தியாவில் தோற்றுப்போன சோதனை என்பார் 2014ஐக் காட்டுவர். காங்கிரஸ் அப்போது ஏறத்தாழ 15 மக்களவைத் தொகுதிகளில் அதை நடத்தியது. வதோதராவில் தேர்வான நரேந்திர ராவத், மோடி அங்கு நிற்கிறார் என்றதும் மதுசூதன் மிஸ்திரிக்கு வழிவிட்டார். முடிவைத் தலைமையே மாற்றக்கூடிய தேர்தலைச் சோதனை என்று எப்படிச் சொல்வது?

சட்டமும் துணைநிற்கவில்லை. 1951ஆம் ஆண்டு மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 29ஏ பிரிவு கட்சிகளைப் பதிவு செய்யச் சொல்கிறது. வேட்பாளரை எப்படித் தேர்ந்தெடுக்க வேண்டும் என்று சொல்லவில்லை. உட்கட்சி ஜனநாயகத்தைச் சட்டமாக்க வேண்டும் என்ற சட்ட ஆணையத்தின் 1999 பரிந்துரை அறிக்கையாகவே கிடக்கிறது. 2022இல் ஜெகன்மோகன் ரெட்டி கட்சியின் நிரந்தரத் தலைவராக்கப்பட்டார் என்ற செய்தி வந்தபோது, நிரந்தரப் பதவி ஜனநாயகத்துக்கு முரண் எனத் தேர்தல் ஆணையம் கண்டித்து, அதைத் தெளிவாக மறுத்து அறிவிக்குமாறு கட்சியைக் கேட்டது. தலைவர் பதவி பற்றிக் கேட்ட ஆணையம், பதினாறு மாதம் கழித்துச் சத்தியவேட்டுக்கும் திருப்பதிக்கும் இடையே இரு உறுப்பினர்கள் இடம் மாற்றப்பட்டபோது எதுவும் கேட்கவில்லை. கேட்பதற்கு அதனிடம் பிரிவும் இல்லை.