சத்தத்துக்கு 500 பிராங்: டர்போ காரும் 'குளிர்காற்று' வியாபாரமும்

எங்கட பெடியள் ஒரு டர்போ கார் எடுத்தால் முதல் இரண்டு மாதத்துக்குள் வாங்குகிற சாமான் எதுவென்று எனக்குத் தெரியும். கோல்ட் எயர் இன்டேக். கார்க் கம்பனி போட்ட காற்று வடிகட்டிப் பெட்டியைக் கழற்றி எறிந்துவிட்டு, அந்த இடத்தில் ஒரு தடித்த குழாயும் கூம்பு மாதிரி ஒரு ஃபில்டரும் போடுவது. விலை 400, 500 பிராங். விளம்பரத்தில் பத்து குதிரைவலு, பதினைந்து குதிரைவலு கூடும் என்று இருக்கும். ஊஸ்டர் ரயில் நிலையத்துக்குப் பின்னால் சனிக்கிழமை இரவுகளில் நிற்கிற கார்களில் பாதியில் இது இருக்கிறது. நான் இதை எதிர்க்கிறேன். கார் பிடிக்காத ஆள் என்பதால் அல்ல. எனக்குக் கார் பிடிக்கும், பொறியியலும் படித்திருக்கிறேன். தம்பிமாரே, தங்கச்சிமாரே, உங்களுக்கு வலு என்று சொல்லிச் சத்தத்தை விற்கிறார்கள். கோபம் அதில்தான்.

இந்த நம்பிக்கை எங்கிருந்து வந்தது என்று முதலில் பார்ப்போம். டர்போ இல்லாத பழைய எஞ்சின்களில் இதில் ஓரளவு உண்மை இருந்தது. அங்கே ஃபில்டருக்குள் போகிற காற்று நேராக சிலிண்டருக்குப் போகும். காற்று 3 பாகை குளிர்ந்தால் அடர்த்தி ஏறக்குறைய 1 வீதம் கூடும். அடர்த்தி கூடினால் ஒட்சிசன் கூடும், வலுவும் கூடும். 90களில் ஹொண்டா வைத்திருந்த அண்ணாமார் சொன்னது பொய்யில்லை. அவர்கள் சொன்னதை அப்படியே எடுத்து டர்போ எஞ்சினில் ஒட்டியதுதான் பிழை.

டர்போவில் நடக்கிறது வேறு. காற்று முதலில் கம்ப்ரஸருக்குள் போகிறது. அங்கே அமுக்கப்படும்போது நூறு பாகைக்கு மேல் சூடாகிறது. பிறகு இன்டர்கூலர் அதைக் குளிர்விக்கிறது. சிலிண்டருக்குள் போகிற காற்றின் வெப்பநிலையைப் பெரும்பாலும் முடிவு செய்வது இன்டர்கூலர்தான், நீங்கள் வாங்கிய குழாய் அல்ல. அதோடு, எவ்வளவு அமுக்கம் வேண்டும் என்று தீர்மானிப்பது காரின் கணினி. காற்று கொஞ்சம் இலகுவாக வந்தால் கணினி டர்போவின் வேலையைக் கொஞ்சம் குறைக்கும், அவ்வளவுதான். "இந்தா, இலவசமாகப் பத்து குதிரைவலு" என்று அது தராது.

கணக்குப் போட்டுப் பாருங்கள். ஊஸ்டர் கடல் மட்டத்திலிருந்து 460 மீற்றர் அளவு உயரம், எனவே இங்கே காற்றழுத்தம் சுமார் 960 மில்லிபார். கம்பனிப் பெட்டி முழு வேகத்தில் 30 மில்லிபாரைத் தின்கிறது என்று வைப்போம். புதுக் குழாய் ஒன்றுமே தின்னாது என்றும் வைப்போம் (அப்படி ஒரு குழாய் உலகத்தில் இல்லை, ஆனால் வியாபாரிக்குச் சலுகை கொடுப்போம்). கம்ப்ரஸருக்குப் பின்னால் 2000 மில்லிபார் வேண்டும், கம்ப்ரஸரின் வினைத்திறன் 70 வீதம். கணக்கின்படி காற்று வெளியே வரும்போது பழைய பெட்டியைவிடக் கிட்டத்தட்ட 5 பாகை குளிராக இருக்கும். நல்ல இன்டர்கூலர் இந்த வித்தியாசத்தில் ஐந்தில் நான்கைச் சாப்பிட்டுவிடும். மிச்சம் 1 பாகை. அதாவது அடர்த்தியில் 0.3 வீதம். 245 குதிரைவலு கோல்ஃப் ஜி.டி.ஐ.யில் அது ஒரு குதிரைவலுவுக்கும் குறைவு. வெளியேறும் புகையின் எதிரமுக்கம் கொஞ்சம் குறைவதால் வருகிற லாபத்தைத் தாராளமாகச் சேர்த்தாலும் இரண்டு, மூன்றைத் தாண்டுவது கஷ்டம்.

அந்தக் கூம்பு ஃபில்டர் பொனற்றுக்குள் மூடியில்லாமல் நின்றால் கதை இன்னும் மோசம். எஞ்சின் சூட்டில் அங்கே காற்று 40, 50 பாகைக்கு ஏறும். குளிர்காற்று என்று காசு கொடுத்து வெந்நீர்ப் போத்தல் வாங்கினமாதிரி. கம்பனிப் பெட்டியோ பெரும்பாலான கார்களில் முன்பக்கக் கிரில்லுக்குப் பின்னாலிருந்தே காற்றை எடுக்கிறது. என் காரில் வெளியே 16 பாகை இருந்த ஒரு மாலை, ஓபர்லான்ட் ஆட்டோபானில் ஓடிக்கொண்டிருக்கும்போது பெட்டிக்குள் 19 பாகைதான் காட்டியது. மூன்று பாகைக்காக 500 பிராங்கா?

"அண்ணா, டைனோவில் ஏற்றிக் காட்டினார்கள், கிராஃப் இருக்கு" என்று ஒரு தம்பி எனக்கு அனுப்பினான். பார்த்தேன். பொனற் திறந்திருந்தது, முன்னால் பெரிய விசிறி. முதல் ஓட்டம் எஞ்சின் சூடாக இருக்கும்போது, இரண்டாவது ஆறிய பிறகு. ஒரே காரை ஒன்றும் மாற்றாமல் மூன்று தரம் ஏற்றினாலே இரண்டு வீதம் மேலே கீழே ஆடும். 245இல் இரண்டு வீதம் என்றால் ஐந்து குதிரைவலு. அதைக் குழாயின் கணக்கில் எழுதிவிட்டார்கள்.

இந்த இடத்தில் எங்கள் ஊரைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். கோயம்புத்தூரில் நூல் மில்லில் வேலை செய்கிற ஒருவரிடம் "ஊஸ்டர்" என்று சொல்லிப் பாருங்கள். அவருக்கு அது சுவிஸ் ஊரின் பெயராகத் தெரியாது, நூலின் தரத்தை அளக்கிற கருவியின் பெயராகத் தெரியும். அந்தக் கருவிகள் இங்கேதான் பிறந்தன. நூல் எவ்வளவு சீராக இருக்கிறது என்பதை எண்ணாகச் சொல்லும் ஊஸ்டர் புள்ளிவிவரங்கள் 1957 முதல் வெளிவருகின்றன. விரலால் தடவி "நல்ல நூல்" என்று சொல்கிற காலத்தை இந்தச் சின்ன நகரம் முடித்து வைத்தது. அதே நகரத்தில் நின்றுகொண்டு நாங்கள் காதால் குதிரைவலு அளக்கிறோம்!

ஏனென்றால் அந்த இன்டேக் உண்மையாகவே தருவது சத்தம். கம்பனிக் குழாயில் சத்தத்தைத் தின்பதற்கென்றே அறைகள் வைத்திருப்பார்கள். அதைக் கழற்றினால் டர்போவின் சீறலும், காலை எடுக்கும்போது வருகிற அந்த "புஸ்ஸ்" சத்தமும் கேட்கும். மூளை அதை வேகம் என்று நம்பும். சத்தம் பிடித்தால் சத்தம் பிடிக்கும் என்று சொல்லுங்கள், அதில் வெட்கம் ஒன்றும் இல்லை. ஆனால் அதற்கு என்ன விலை என்றும் பாருங்கள்.

விலை 500 பிராங்கோடு நிற்காது. சுவிற்சர்லாந்தில் காரின் சத்தத்தையோ புகையையோ மாற்றக்கூடிய எந்த மாற்றத்தையும் வாகனப் போக்குவரத்துத் திணைக்களத்துக்கு அறிவித்து, திரும்பச் சோதனைக்குக் கொண்டுபோக வேண்டும். பெட்டிக்குள் வருகிற ஜெர்மன் பேப்பர் மட்டும் இங்கே போதாது. உங்கள் கார் வகைக்கென்று, பீல் பக்கத்தில் இருக்கிற டி.டி.சி. மாதிரியான அங்கீகாரம் பெற்ற நிலையத்தின் பத்திரம் வேண்டும். இல்லாவிட்டால் பொலிஸ் மறிக்கும்போது அபராதம், சில நேரம் கார் அங்கேயே நிற்கும்.

அபராதம் யாருக்கு? இதைத்தான் எங்கட பெடியள் யோசிப்பதில்லை. 19, 20 வயதில் காப்புறுதி விலை கூட, லீசிங்கும் எல்லாருக்கும் சுலபமாகக் கிடைக்காது. ஆகவே எங்கள் வீடுகளில் வாகனப் பத்திரத்தில் பெரும்பாலும் அப்பாவின் பெயர் இருக்கும். விதிக்கு ஒவ்வாத காரை ஓட விட்ட உரிமையாளருக்கும் அதே தண்டனை என்று சுவிஸ் வீதிப் போக்குவரத்துச் சட்டத்தின் 93ஆம் பிரிவு சொல்கிறது. முப்பது வருடம் உணவகச் சமையலறையில் நின்று, இந்த நாட்டில் ஒரு கடிதத்துக்குக்கூடப் பிந்திப் பதில் போடாத மனிசனுக்கு, உன் "புஸ்ஸ்" சத்தத்துக்காகக் கடிதம் வரும். காரே லீசிங் கம்பனியின் சொத்து என்றால் அவர்களும் கேட்பார்கள். உன்னிடம் இருப்பது மூன்று வருடப் பரீட்சார்த்த அனுமதிப் பத்திரம் என்றால், அதில் எதையும் பணயம் வைக்கிற நேரம் இதுவல்ல.

"எங்கட முகத்தைப் பார்த்துத்தான் மறிக்கிறார்கள்" என்று சொல்வீர்கள். சில நேரம் அப்படித்தான், நானும் மறிக்கப்பட்டிருக்கிறேன். ஆனால் அது பேப்பர் இல்லாத சாமானைப் பூட்டுவதற்குக் காரணமாகாது. மறிக்கிறவனுக்கு நீயே ஏன் காரணம் எடுத்துக் கொடுக்கிறாய்?

இன்னொரு விசயம் யாரும் சொல்வதில்லை: தூசி. கம்ப்ரஸர் சக்கரம் நிமிடத்துக்கு ஒன்றரை லட்சம் தரத்துக்கு மேல் சுற்றும். கம்பனியின் கடதாசி ஃபில்டர் தூசியில் 99 வீதத்துக்கு மேல் பிடித்துவிடும். "காற்றோட்டம் அதிகம்" என்று பெருமை பேசும் ஃபில்டரிடம் ஐ.எஸ்.ஓ. 5011 சோதனை முடிவைக் கேளுங்கள். காட்டாவிட்டால் வாங்காதீர்கள். எண்ணெய் பூசிய பஞ்சு ஃபில்டரில் கழுவிய பிறகு எண்ணெயை அள்ளி ஊற்றினால் அது காற்று அளவி சென்சரில் போய்ப் படியலாம். அந்தச் சென்சர் இருக்கிற குழாயின் விட்டம் மாறினால் கணினிக்குப் போகிற காற்றுக் கணக்கே பிழைக்கும்.

இன்டேக் எவருக்குமே தேவையில்லை என்று நான் சொல்லவில்லை. பெரிய டர்போ போட்டு, கணினியையும் முறைப்படி மாற்றி, எல்லாவற்றையும் பத்திரத்தில் ஏற்றியவர்களுக்குத் தேவை வரும். காற்றின் அளவு 40 வீதம் கூடினால் பெட்டி தின்கிற அமுக்கம் இரண்டு மடங்காகும். அப்போது பழைய பெட்டி உண்மையிலேயே தடைதான். அவர்கள் வாங்க வேண்டியது மூடிய பெட்டி, முன்னாலிருந்து காற்று எடுப்பது, சென்சர்க் குழாய் அதே விட்டம், தங்கள் கார் வகையின் பெயர் எழுதிய சுவிஸ் பத்திரம். ஆனால் எனக்கு எழுதுகிற பத்துப் பேரில் ஒன்பது பேரின் கார் கம்பனியிலிருந்து வந்தபடியே இருக்கிறது.

அந்த ஒன்பது பேரும் முதலில் சில பத்து பிராங்குக்குப் புதுக் கடதாசி ஃபில்டர் ஒன்றைப் போடுங்கள். அடைத்துப்போன ஃபில்டரை மாற்றிவிட்டு "இன்டேக் வேலை செய்யுது" என்று சொல்கிறவர்கள் பலர். பிறகு ஒரு ஓ.பி.டி. அடாப்டர் வாங்கி, உள்ளே போகிற காற்றின் வெப்பநிலையையும் டர்போ அமுக்கத்தையும் ஒரு கிழமை பதிந்து பாருங்கள். கணினி கேட்கிற அமுக்கம் கிடைக்கிறதென்றால் உங்கள் பெட்டியில் பிழையில்லை. பதிவை எனக்கு அனுப்பினால் நான் பார்த்துச் சொல்கிறேன், காசு வேண்டாம். அதற்குப் பிறகும் சத்தம் வேண்டும் என்றால் பத்திரம் உள்ளதை வாங்கி, ஹின்வில்லில் சோதனைக்கு நேரம் எடுங்கள். எடுப்பதற்கு முன் அப்பாவிடம் சொல்லுங்கள், கார் அவர் பெயரில் இருக்கிறது.