ஆவாரையை இலையிலும் அறிவோம்

சாத்தூரிலிருந்து சிவகாசி போகும் வழியில், பட்டாசு ஆலைகளுக்கு இடையே கிடக்கும் தரிசைப் பலரும் வெறும் முள்காடு என்றே நினைக்கிறார்கள். அந்த முள்ளுக்கு நடுவேதான் கரிசல் மண்ணின் சொந்தச் செடியான ஆவாரை மஞ்சளாகப் பூத்து நிற்கிறது. பொங்கலுக்கு வேப்பிலை, சிறுபீளையோடு வாசலில் காப்புக் கட்ட ஒரு காலத்தில் இதைத் தேடிப்போய் ஒடித்து வந்தார்கள். இப்போது கட்டாகச் சந்தையில் கிடைக்கிறது. ஒடித்தவர்களுக்கு இலையும் தெரியும். வாங்குகிறவர்களுக்குப் பூ மட்டுமே தெரியும்.

பூவை மட்டும் நம்பினால் ஏமாற வேண்டியதுதான். பேயாவரைக்கும் தகரைக்கும் பூ மஞ்சள்தான், ஐந்து இதழ்தான்.

இலையைக் கையில் எடுத்தால் குழப்பம் தீரும். ஆவாரை இலையில் பெரும்பாலும் 8 முதல் 12 ஜோடி சிற்றிலைகள் இருக்கும்; முனை மழுங்கியிருக்கும். ஒவ்வொரு ஜோடிக்கும் நடுவே சின்னஞ்சிறு சுரப்பி ஒன்று நிமிர்ந்து நிற்கும். காம்பு தண்டில் சேரும் இடத்தில் காதுமடல்போல் அகன்ற பச்சைச் செதில் விரிந்திருக்கும். காய் தட்டை, விதை இருக்கும் இடம் மட்டும் புடைத்திருக்கும். பேயாவரையிலோ சிற்றிலைகள் நாலைந்து ஜோடிதான். முனை கூர்மை. சுரப்பி காம்பின் அடியில் ஒன்றே ஒன்று. கசக்கினால் நாற்றம் அடிக்கும். தகரைக்கு மூன்று ஜோடி, நுனிப்பக்கம் அகன்றவை.

இது வெறும் தாவரவியல் பாடம் அல்ல. உத்தரப் பிரதேசத்தின் மேற்கு மாவட்டங்களில் ஆண்டுதோறும் குழந்தைகளைக் கொன்ற மர்ம நோயை மூளைக்காய்ச்சல் என்றே நம்பியிருந்தார்கள். குழந்தைகள் தின்ற பேயாவரை விதையே காரணம் என்பதை 2007-இல் வெளியான மருத்துவ ஆய்வு காட்டியது. ஆவாரம்பூத் தேநீர் கடைகளில் பரவலாக விற்கும் இந்தக் காலத்தில், பறிப்பவருக்கும் வாங்குபவருக்கும் இந்த வேறுபாடு தெரிந்திருக்க வேண்டாமா?

இன்னொரு அவசரமும் உண்டு. அயல் தாவரங்களை அகற்றத் தமிழக அரசு 2022-இல் கொள்கை வகுத்தது. சீமைக்கருவேலத்தை ஒழிக்க வேண்டியதுதான், அதில் மறுபேச்சில்லை. ஆனால் கண்மாய்க்கரையில் இறங்கும் ஜேசிபிக்கு எது சீமைக்கருவேலம், எது ஆவாரை என்று தெரியாது. ஓட்டுநரிடம் யாரும் சொல்வதும் இல்லை. தோல் பதனிடப் பட்டை, மருந்துக்குப் பூ, தேனீக்கு மகரந்தம் என்று காலங்காலமாகக் கொடுத்துவந்த செடி, களையோடு களையாக வேரோடு போய்விடும்.

வேலை தொடங்கும் முன்பே ஊராட்சிகள் ஊர்ப் பெரியவர்களை வைத்து ஆவாரைப் புதர்களுக்குத் துணி கட்டி அடையாளம் இடட்டும். மார்கழியில், காப்புக்கட்டுக்கு முன்பாக, பள்ளிப் பிள்ளைகளை ஆசிரியர்கள் கண்மாய்க்கரைக்கு அழைத்துப்போய், இலையைப் புரட்டி அந்தச் சுரப்பியை விரலால் தொட்டுப் பார்க்கச் சொல்லட்டும்.