குணமடைந்தவரின் குடலில் தங்கும் ஆபத்து

காய்ச்சல் தணிந்து, சத்திரசிகிச்சைப் புண் ஆறி வைத்தியசாலையிலிருந்து வீடு திரும்பும் ஒருவரை நாம் குணமடைந்தவர் என்கிறோம். அது உண்மையே. ஆயினும், வைத்தியர்கள் கடைசி ஆயுதமாக வைத்திருக்கும் கார்பபெனம் வகை நுண்ணுயிர் எதிர்ப்பி மருந்துகளுக்கும் அடங்காத பக்ரீரியாக்கள் அவரது குடலில் பல மாதங்கள் தங்கியிருக்கக்கூடும். அவருக்கோ எவ்வித அறிகுறியும் இராது. ஆனால், அவர் மீண்டும் விடுதியில் அனுமதிக்கப்படும்போது, கழுவப்படாத கைகள் வழியாகவும் மலசலகூடம் வழியாகவும் அக்கிருமி அடுத்த கட்டிலில் இருப்பவரைச் சென்றடையலாம். அவர் புற்றுநோய்ச் சிகிச்சை பெறுபவராகவோ சிறுநீர்க்குழாய் பொருத்தப்பட்டவராகவோ இருந்தால் விளைவு உயிராபத்தாகும்.

இதற்கு இஸ்ரேலின் அனுபவம் தக்க சான்றாகும். 2006 ஆம் ஆண்டில் அங்கு இத்தகைய கிளெப்சியெல்லா பக்ரீரியா பரவத் தொடங்கியது. 2007 மார்ச் இறுதிக்குள் 27 வைத்தியசாலைகளில் 1,275 நோயாளர்கள் பாதிக்கப்பட்டனர். தனித்தனி வைத்தியசாலைகளின் முயற்சிகள் பயனளிக்காத நிலையில் சுகாதார அமைச்சு நேரடியாகத் தலையிட்டது. கிருமி காவிகள் அனைவரும் அறிவிக்கப்பட வேண்டும், தனியிடத்தில் பராமரிக்கப்பட வேண்டும், அவர்களுக்கெனத் தனித் தாதியர் இருக்க வேண்டும் என உத்தரவிடப்பட்டது. ஒரு இலட்சம் நோயாளர் நாட்களுக்கு 55.5 ஆக இருந்த மாதாந்தப் புதிய தொற்றுகள், 2008 மே மாதத்தில் 11.7 ஆகக் குறைந்தன.

ஆயினும் நோயாளி வீடு திரும்புவதுடன் பிரச்சினை முடிந்துவிடவில்லை. அந்நாட்டிலேயே இக்கிருமி காவிகள் 97 பேரை வைத்து மேற்கொள்ளப்பட்டு 2013 இல் வெளியான ஆய்வில், கிருமி அகல எடுத்த சராசரிக் காலம் 387 நாட்கள் எனக் கண்டறியப்பட்டது. ஓராண்டின் பின்னரும் 39 சதவீதமானோர் அதனைக் காவிக்கொண்டிருந்தனர். மீண்டும் மீண்டும் வைத்தியசாலைக்குச் சென்றவர்களிடம் அது நீண்டகாலம் நிலைத்தது.

மருந்து கொடுத்து இக்கிருமியைக் குடலிலிருந்து அகற்றிவிடலாம் என எண்ணுவதும் தவறாகும். தேவையற்ற நுண்ணுயிர் எதிர்ப்பிகள் குடலிலுள்ள நன்மை பயக்கும் பக்ரீரியாக்களை அழித்து, எதிர்ப்புக் கிருமிக்கே இடம் தேடிக் கொடுக்கின்றன.

இலங்கையில் ஆதார வைத்தியசாலைகளிலிருந்து போதனா வைத்தியசாலைகளுக்கும், அங்கிருந்து மீண்டும் ஊர் வைத்தியசாலைகளுக்கும் நோயாளர் மாற்றப்படுவது அன்றாட நிகழ்வாகும். மருந்தெதிர்ப்பை எதிர்கொள்ள 2017 முதல் 2022 வரையான தேசிய மூலோபாயத் திட்டமொன்றும் இங்கு வகுக்கப்பட்டிருந்தது. திட்டம் ஏட்டில் இருப்பது மட்டும் போதாது. ஒருவர் கிருமி காவி என்ற தகவல் அவரது மாற்றக் கடிதத்திலும் கிளினிக் புத்தகத்திலும் ஒரு வரியாகவேனும் இடம்பெற்றாலன்றி, அடுத்த வைத்தியசாலை அதனை அறிய வழியில்லை.

அதேவேளை, அந்த ஒரு வரி நோயாளியை ஒதுக்கிவைப்பதற்கான முத்திரையாக மாறிவிடவும் கூடாது. கிருமியை அவர் விரும்பி ஏற்கவில்லை; பெரும்பாலும் சிகிச்சை தேடிச் சென்ற இடத்திலேயே அது அவரைப் பற்றிக்கொண்டது. வீட்டில் அவர் உறவினருடன் கூடி வாழ்வதற்குத் தடையேதும் இல்லை. மலசலகூடம் சென்ற பின்னும் உணவைத் தொடுமுன்னும் சவர்க்காரமிட்டுக் கைகழுவுவது அவசியம். விடுதிகளில் நீரும் சவர்க்காரமும் போதிய தாதியரும் இருப்பதை உறுதிசெய்வது அரசின் கடமை. அக்கடமை தவறுமிடத்து, நோய் தீர்க்கும் விடுதியே நோய் பரப்பும் இடமாகிவிடும்.